மகன் கார்டில் அம்மா பெயர்

ஆம்பூர்
11-4-1984

அன்புள்ள மகன் அருணகிரிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று தூக்கிப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு நீ அம்மாவுக்குப் போட்ட கார்டிலிருந்து விலாசம் எடுத்தேன். அவளுக்குத் தெரியாது.

எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் சுகம். உன் அம்மாவுக்குத்தான் சுகமில்லை. இருதயம் வீங்கியிருக்கிறது என்று போன வருஷமே டாக்டர் சொன்னார். குழாயடிக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஊருக்கெல்லாம் தோல் பதனிடுகிற ஆம்பூரில் இருந்துகொண்டு வெறுங்காலோடு நடக்கிறாயே என்று கேலி செய்தேன். சிரித்தாள். சிரித்ததற்கும் மூச்சு வாங்கியது.

இதுவரை என் இ.எஸ்.ஐ. கார்டில் அவளுக்கு ஊசியும் மாத்திரையும் ஒழுங்காகக் கிடைத்து வந்தன. ஐப்பசியில், ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது என்று சொல்லி என்னைத் தோல் ஷாப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் சில மாதம் கார்டு ஓடியது. பங்குனியில் போனபோது டிஸ்பென்சரியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சம்பளத்தில் பிடிக்கிற சந்தா நின்றால் வைத்தியமும் நின்றுவிடுமாம். முப்பத்தொன்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவனுக்கு, வயசான பிறகு ஒன்றுமே கிடையாதா என்று சத்தம் போட்டேன். சட்டம் அப்படி என்றார் கம்பவுண்டர். அவர் என்ன செய்வார் பாவம்.

எனக்கு ஐம்பத்தெட்டு ஆகவில்லை, அருணகிரி. ஐம்பத்துநாலுதான். பதினைந்து வயதில் வேலைக்குப் போனபோது, ‘பத்தொம்பதுன்னு சொல்லிடுடா, எவன் வந்து பார்க்கப் போறான்’ என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டேன். எங்கள் ஷாப்பில் பாதிப் பேர் அப்படிச் சேர்ந்தவர்கள்தான். பின்னால் இ.எஸ்.ஐ. வந்தபோது அந்த ரெஜிஸ்டரைப் பார்த்தே ஃபாரத்திலும் எழுதினார்கள். இப்போது திருத்தச் சொன்னால் பள்ளிக்கூட சர்டிபிகேட் கேட்கிறார்கள். நான் அஞ்சாவது படித்த பள்ளிக்கூடத்துக்கு இப்போது சுவர்கூட இல்லை. சரியான வயதைச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு வருஷம் அவளுக்கு மாத்திரை கிடைத்திருக்கும். அதை நானே கெடுத்தேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஷாப் ஆபீஸ் கிளார்க் இஷ்தியாக் அகமது ஒரு வழி சொன்னார். ‘இன்னாத்துக்குப் பேஜார் ஆவுறீங்க, பையன் அம்பத்தூர் கம்பெனியிலதானே இருக்கான்’ என்றார். உன் இ.எஸ்.ஐ.யில் குடும்பம் என்று எழுதுகிற இடத்தில், உன் சம்பாத்தியத்தையே நம்பியிருக்கிற அப்பா அம்மாவையும் சேர்க்கலாமாம். நாங்கள் இங்கே இருந்தாலும் தனி அட்டை வாங்கலாமாம். ஆனால், மகன் போடும் சோற்றில்தான் இருக்கிறோம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

அதைக் கேட்டுவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் நீ சர்ச்சில் வைத்து டோரதிக்குத் தாலி கட்டிய அன்று, உன் காசில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்தியவன் நான். நீ அனுப்பிய இரண்டு மணியார்டரையும் உன் அம்மா கெஞ்சக் கெஞ்சத் திருப்பி அனுப்பினேன். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

நேற்று குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு மஹ்பூபியும் நானும் தூக்கிக்கொண்டு வந்தோம். கண் திறந்ததும், குடம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறதப்பா. யாரிடம் போவது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட தாளை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

பெயர் ஏற எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்து எழுது. அதுவரை அவளுக்குத் தாங்குமா என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். வீம்பு என்னோடு போகட்டும், நீ அதைப் பிடித்துக்கொள்ளாதே.

டோரதிக்கு என் ஆசீர்வாதம். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துச் சொல். ஃபாரத்தில் முதல் வரியில் அவள் பெயர்தான் இருக்கும். அதற்குக் கீழே உன் அம்மா பெயரை எழுது. என் பெயரை எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
அப்பா
பஞ்சாட்சரம்