டொல்லாக் கொடுத்த அடிக்கட்டை

1884, மார்ச் 2

பண்ணைக்காரன் டொல்லாக் திருடன். தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காரும் திருடன்.

எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள உருளைக்கிழங்கு நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட அவன் பரம்பரை கொத்தியதில்லை. கொத்தியவர் என் கொள்ளுத்தாத்தா ஹால்வர். ஒரு கோடரியோடு இங்கே வந்த மனிதர். குடியிருக்கும் மண் பண்ணையுடையது என்பதால், வாடகைக்குப் பதில் பகலெல்லாம் பண்ணைக்கு உழைப்பு. மிஞ்சிய வெளிச்சத்தில் இங்கே கல் பொறுக்கல். அவர் குவித்த கற்கள் இன்றும் எங்கள் கூரையைவிட உயரம். நிலம் விளைந்த வருடமே பண்ணைக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலையைக் கூட்டினார்கள். நல்ல நிலமாகிவிட்டதாம்!

சவப்பெட்டியில் வைத்தபோதும் அவர் விரல்கள் கல்லைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தனவாம்.

மார்ச் 5

குளிர்காலத்தில் பண்ணைக்கு மரம் வெட்டப் போய் அப்பாவின் இடுப்பு போனது. இன்று டொல்லாக் வந்தான். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டாமலே உள்ளே வந்தான்.

"ஆன்ஃபின், நீ படுத்துட்ட. உனக்குப் பதிலா ஐவின் வேலைக்கு வரட்டும். இல்லன்னா ஏப்ரல் பதினாலு, குடி மாறுற நாளு, கிளம்பிடுங்க."

"நான் எத்தனை நாளைக்கு வரணும்?" என்றேன்.

"உங்கப்பன் எத்தனை நாளைக்கு வந்தான்?"

சிரிப்பு வேறு.

மார்ச் 6

தூக்கமில்லை.

மார்ச் 11

வழி இருக்கிறது! மண்தான் பண்ணையுடையது, சுவர் எங்களுடையது. ஹால்வர் தன் மாமனார் கொடுத்த மரங்களைப் பனிமேல் இழுத்துவந்து, கட்டைமேல் கட்டையாக அடுக்கிக் கட்டிய வீடு. ஒவ்வொரு கட்டையின் முனையிலும் அவர் கோடரியால் கொத்திய கோடுகள் இருக்கின்றன. வீட்டைக் கழற்றி, கோடு பார்த்து, வேறிடத்தில் அடுக்கிவிடலாம். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

அம்மாவின் தம்பி ஸ்வைன் மாமாவுக்குக் கடலோரத்தில் சொந்தமாக ஒரு பாறைத்துண்டு உண்டு. இடம் தருகிறார்.

"பாறையில ஒண்ணும் முளைக்காது மருமகனே. ஆனா ஒருத்தன் கூப்பிட்டான்னு ஓட வேண்டாம்."

அப்பா அம்மாவுக்கு ஒரு கூரை. எனக்கு மீன்பிடிப் படகில் வேலை. போதும்.

மார்ச் 23

வீட்டைக் கழற்ற, கூரையில் ஓட்டுக்குப் பதிலாக வேர்மண்ணோடு பரப்பியிருந்த புல்பத்தைகளை இறக்க ஆரம்பித்தேன். டொல்லாக் சாட்சிக்கு அண்டை வீட்டார் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கோபமே இல்லை. குனிந்து, சுவரின் அடிக்கட்டையை, மற்றக் கட்டைகளையெல்லாம் தாங்கும் கீழ்க்கட்டையை, கைத்தடியால் தட்டினான்.

"இது யாரு மரம், ஆன்ஃபின்?"

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா கல்யாணத்தின்போது பழைய அடிக்கட்டை உளுத்துப்போயிருந்ததாம். டொல்லாக் புதுக்கட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருக்கிறான், ஒரு பீப்பாய் பீரோடு, ஊரே பார்க்க. பண்ணை மரம் சுவரில் ஏறினால் வீடு பண்ணைக்கு. இது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

"உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்டா. பரிசுன்னு சொன்னாரு. கல்யாணத்தன்னிக்கு, அத்தனை பேர் முன்னாடி, வேண்டாம்னு எப்படிடா சொல்றது?"

அடுப்படியிலிருந்து அம்மா: "வாய் நிறைய பீர் இருந்துச்சே, வார்த்தை எப்படி வரும்?"

அந்தக் கட்டையில் ஹால்வரின் கோடு இல்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன் — ஏன் என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு? ஹால்வர் விட்டுப்போன ஒரே சொத்து. ஒரு கட்டையில போச்சே!

மார்ச் 24

ஓடிவிட்டால் என்ன? பெர்கன் துறைமுகத்தில் கப்பல் ஏறி அமெரிக்கா போகாதவன் யார்?

நேற்று கதவுவரை நடந்ததே வினையாகிவிட்டது, இன்று அப்பா எழுந்து உட்காரவே அம்மா தாங்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. நான் போனால் இவர்கள் எங்கே போவார்கள்?

ஏப்ரல் 14

புல்பத்தைகளைத் திரும்பக் கூரையில் ஏற்றினேன்.

ஏப்ரல் 15

பண்ணையில் காலை முழுக்கச் சாணம் அள்ளினேன். மதியக் கஞ்சிக்குக் கதவோரம் அப்பா உட்காரும் இடத்தைக் காட்டினார்கள். சுவரில் செருகியிருந்த அவருடைய மரக்கரண்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்கள். அவர் பல் பட்டுப் பட்டுத் தேய்ந்த குழிகூட அதில் இருந்தது.

எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "எங்க வீட்டுச் சுவர்ல உங்க கட்டை ஒண்ணு கிடக்கு. அந்தப் பரிசு எங்களுக்கு வேண்டாம். ஆள் கூட்டிட்டு வந்து உருவி எடுத்துக்குங்க. மிச்சம் ஹால்வரோடது, அதை விட்டுடுங்க."

கரண்டிகள் நின்றன. டொல்லாக் கஞ்சிச் சட்டியின் நடுவில் உருகிக்கிடந்த வெண்ணெயைத் தன் பக்கம் வழித்துக்கொண்டான்.

"எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?" என்று விடாமல் கேட்டேன்.