ஊதாங்குழல் பயிற்சி

ஜூன் 3, 2024
நோர்வூட்

மதிப்புக்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். பதினொரு நாள்களாக எழுதாமைக்கு என்னைப் பொறுத்தருள வேண்டும். இளைப்பு நோயுள்ள மகள் நிலக்ஷிக்கு மூச்சுப் பயிற்சி அளிப்பதிலேயே பொழுது கழிந்தது. குறுகிய துளை வழியே மூச்சை இழுத்து விடும் அந்தச் சிறு கருவியைக் கிளினிக் தாதி பிரேமினி மிஸ்ஸிடம் இன்று திருப்பிக் கொடுத்தேன். வேறொரு பிள்ளைக்கு வேண்டுமாம். மூச்சின் வலிமையை அளக்கும் மீட்டர் எங்களிடமே இருக்கிறது. இன்று 220.

"150க்குக் கீழ போனா பயிற்சிய நிறுத்திட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார் மிஸ். 20ஆம் திகதி தாய்மார் கூட்டத்தில் இந்தப் பயிற்சி பற்றி நான் உரையாற்ற வேண்டுமாம். எட்டாம் வகுப்போடு நின்ற நான்!

ஜூன் 6

கருவி இல்லாவிட்டால் என்ன? அடுப்படி ஊதாங்குழலுக்கும் துளை குறுகியதுதானே. அதிலேயே மூச்சை இழுத்து விடச் சொன்னேன். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு ஜீவராணிக்கும் முறையை விளக்கினேன். அவள் மகள் தனுஜாவுக்கும் இளைப்பு. "ஒங்க மூளைக்கு நீங்க டொக்டரா போயிருக்கணும்க்கா" என்றாள். நான் மறுக்கவில்லை.

ஜூன் 10

190. நிலக்ஷியே காலையில் அடுப்பை ஊதி மூட்டியிருந்தாள். "பயிற்சியும் முடிஞ்சிருச்சு, தேத்தண்ணியும் கொதிச்சிருச்சும்மா." பாராட்டினேன். விறகு ஈரம். காம்பரா முழுதும் புகை.

ஜூன் 14

165. மீட்டர் பழையது.

ஜூன் 17

மழை விடவில்லை. ஜீவராணி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, புள்ளைக்குத் தோள்பட்டை ஏறி ஏறி எறங்குது?"

தசைகள் வலுப்பெறுகின்றன என்று தெளிவுபடுத்தினேன்.

"நம்ம லயத்து ரேடியோ, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஜூன் 18

145. மறுபடியும் ஊதச் சொன்னேன். 140. மறுபடியும். 150. ஏட்டில் 150 என்றே பதிந்தேன். அது 150க்குக் கீழ் அல்லவே? கூட்டத்துக்கு இன்னும் இரண்டே நாள். உரையை "அன்புசால் அன்னையரே" என்று தொடங்குவதா, "பெருமதிப்புக்குரிய தாய்மாரே" என்றா?

மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுக்க மாட்டேன் என்கிறாள். ஏன்?

ஜூன் 19
ஆஸ்பத்திரி

காலையில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். உதடு நீலம். "ம்மா... கொழல... நீ... ஊது." நாலு சொல்லுக்கு நாலு மூச்சு. இளைப்பு மருந்துப் பம்ப் அடித்தேன், கேட்கவில்லை. ஆட்டோ வருவதற்குள் — ஐயோ, நான்தானே பண்ணேன். பொகைய இழுடீன்னு நானே புள்ள கையில குடுத்தேனே.

இப்போது முகத்தில் ஒக்சிஜன் மூடி. அதற்குள்ளும் உதட்டைக் குவித்து ஊதுகிறாள், நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே. இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டொக்டர்.

மிஸ்ஸின் போனுக்கு அனுப்பியது இது:

பிரேமினி மிஸ், நாளைக்கு நான் பேச வரவில்லை. ஊதாங்குழலால் பயிற்சி கொடுத்தேன். ஜீவராணிக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவள் மலையில் கொழுந்து பறிக்கிறாள், போன் எடுக்கவில்லை. தனுஜா வீட்டில் தனியாக ஊதிக்கொண்டிருப்பாள். யாரையாவது அனுப்புங்கள். உடனே பதில் போடுங்கள்.