கூறையில் கத்தரி

ஸ்பிரிங்வெளி தோட்டம்,
பதுளை.
08.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் கௌசிகா எழுதுவது. இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை. நான் கத்திப் பேசினால் பாப்பா விழித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். லீக்ஸ் மரக்கறி ஏற்ற வெலிமடைக்கு வரும் ஜௌபர் நானாவின் லொறியில் கொடுத்து அனுப்புகிறேன்.

பாப்பா பிறந்தபோது கால் விரலில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? இப்போது உடம்பெல்லாம் அப்படித்தான். தூக்கினால் கை பட்ட இடத்தில் கொப்புளம் வருகிறது. சட்டையைக் கழற்றினால் தோலும் கூடவே வருகிறது. பிறவியிலேயே தோல் பிடிப்பில்லாத நோயாம். மாற்ற மருந்து இல்லை, புண் ஆகாமல், கிருமி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டொக்டர் சொன்னார். "சொந்தத்துலயா கட்டினீங்க?" என்று கேட்டார். அப்பாவின் அக்கா மகன் என்றேன். அதைத் துண்டில் குறித்துக்கொண்டார்.

அங்கே ஒரு நர்ஸ் அக்காதான், பட்டு போட்டுப் பாருங்கள் என்றார். என் கல்யாண ரவிக்கை இங்கே இருந்தது. நீங்களும் நானும் ஷிராஸ் டெயிலரிடம் போய்த் தைத்தோமே, அதுதான். அதைப் பிரித்து, தையல் வெளிப்பக்கம் வரும்படி சட்டை தைத்தேன். அத்தை, அன்றைக்கு யதுஷா சிணுங்காமல் தூங்கினாள். அவள் தூங்குவதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

பட்டு வழுக்கிக்கொண்டு போகிறது, தோலை உராய்வதில்லை. மருந்து பூசிய இடத்தில் ஒட்டுவதில்லை. வெயிலில் புழுங்குவதில்லை, பின்னேரம் பனி இறங்கினால் கதகதப்பாக இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி அடுப்படியில் போட்டால் சீக்கிரம் காய்கிறது. நாம் பட்டு என்றால் மினுக்குக்குக் கட்டுவது என்று நினைத்திருந்தோம்.

ஆனால் இருப்பது ஒரே சட்டை. அது காயும் வரை பிள்ளை பருத்தித் துணியில் கிடந்து கதறுகிறாள். என் கூறைச் சீலை உங்கள் அலுமாரியில் இருக்கிறது. கரையில் மட்டும்தான் சரிகை, உடம்பெல்லாம் வெறும் பட்டு. சட்டையும் விரிப்பும் தைக்கலாம். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்
கௌசிகா


வெலிமடை
16.10.2025

என் கண்ணு கௌசிக்கு,

அத்தை எழுதுவது. முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். என் தம்பிக்கு இருமல் விட்டதா? அதை எழுத உனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பெறப் போனவள் தாய் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரி கிட்டத்தில் என்று தெரியும், இருந்தாலும் என் பேத்தியை நான் ஒரு தடவைதானே பார்த்தேன். இங்கே சுவரைப் பார்த்துச் சோறு தின்னும் எனக்கல்லவா தெரியும்.

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. என் தங்கம் அப்படி என்ன பாவம் செய்தது?

ஆனால் கூறையைக் கேட்கிறாயே, கேட்க உனக்கு நெஞ்சு பதறவில்லையா? தாலி ஏறியபோது உடுத்திய சீலை. அதில் கத்தரி படலாமா? ரவிக்கையைப் பிரித்தாய், போகட்டும். ரவிக்கை வேறு, கூறை வேறு. உன் புருஷன் கத்தாரில் மலை மாதிரி லொறி ஓட்டுகிறான். அவன் தலைக்கு மேல் நான் கத்தரியைப் பிடிக்க மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. கடையில் புதுப் பட்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன். "சுத்தமான பட்டும்மா" என்று கடைக்காரன் பிள்ளை மேல் சத்தியம் பண்ணினான். லீக்ஸும் கரட்டும் வைத்திருக்கிறேன். நீயும் கொஞ்சம் சாப்பிடு.

அத்தை
பூவம்மா


ஸ்பிரிங்வெளி
25.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

லீக்ஸ் கிடைத்தது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய துணியில் சட்டை தைத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை முகம் சிவந்து வீறிட்டாள். கழற்றினால் முதுகுத் தோல் துணியோடு வந்துவிட்டது. பிறகுதான் ஒரு நூலை நெருப்பில் காட்டினேன். உண்மைப் பட்டு முடி கருகுவது போல நாறும், தொட்டால் சாம்பலாக உதிரும். இது பிளாஸ்டிக் மாதிரி உருகி உருண்டுகொண்டது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது நான்தான். உங்களைச் சொல்லவில்லை.

அவர் அங்கிருந்து பட்டு அனுப்புவதாகச் சொல்கிறார். வந்து சேர மார்கழி ஆகிவிடும். கூறையைப் பற்றிச் சொன்னேன். "வெட்டு கௌசி, எனக்கு ஒண்ணும் ஆவாது. அம்மாகிட்ட நான் சொன்னேன்னு எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். அனுப்புங்கள் அத்தை. உங்கள் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கௌசிகா


வெலிமடை
03.11.2025

கௌசிக்கு,

அந்தக் கடைக்காரன் வீட்டில் விளங்குமா? நேரே போய் அவன் முகத்திலேயே கேட்டுவிட்டு வந்தேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றானா? அவன் அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

உன் மாமனார் மண்சரிவில் போனார் என்று மட்டும் உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் புருஷன் தயாபரனுக்குச் சின்னதில் காது குத்தினோம். அவனுக்குப் பட்டுச் சட்டை போட்டுப் பார்க்க எனக்கு ஆசை, வாங்க வழியில்லை. என் கூறையை எடுத்தேன். உன் மாமனார் சிரித்தார். "சீலையிலயா புள்ள என் உசுரு இருக்கு? வெட்டு" என்றார். வெட்டினேன். சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளை ராசா மாதிரி மடியில் உட்கார்ந்திருந்தான். அந்த மாதமே ரோட்டோடு லொறி சரிந்து அவர் போய்விட்டார். ஒரு பிள்ளைக்குச் சட்டை தைத்து ஒரு புருஷனைக் கொடுத்தவள் நான். இன்னொரு தடவை என்னிடம் கேட்காதே அம்மா.

பேத்தி மேல் பாசமில்லாமல் சொல்லவில்லை. அவளுக்குத் தோல் தேறினால் கதிர்காமத்துக்கு நடந்தே வருவதாக நேர்ந்திருக்கிறேன், இந்த முழங்காலோடு.

அத்தை


ஸ்பிரிங்வெளி
11.11.2025

அத்தைக்கு,

மாமா போனது ரோட்டால், சீலையால் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வயது போதாது, இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் மகன் வளர்ந்த ஆள். பாப்பாவைப் பாருங்கள், இப்போது வாய்க்குள்ளும் புண். பாலைக் கண்டாலே அழுகிறாள். ரவிக்கைச் சட்டை கக்கத்தில் கிழிந்துவிட்டது. உங்கள் பிள்ளைக்காக நீங்கள் பயப்படுகிறீர்கள். நானும் என் பிள்ளைக்காகத்தான் கேட்கிறேன்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

கௌசிகா


வெலிமடை
26.11.2025

என் கண்ணு கௌசிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து அலுமாரியைத் திறக்கிறதும் மூடுகிறதுமாக இருந்தேன். இன்றைக்குக் கூறையை எடுத்துவிட்டேன். உனக்குச் சிரமம் வேண்டாம், நானே துண்டு போட்டு அனுப்பலாம் என்று கத்தரியை எடுத்தேன். கை வரவில்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தும் வரவில்லை. அதனால் முழுசாகவே அனுப்புகிறேன். நீயே வெட்டிக்கொள்.

ஒன்றே ஒன்று. என்றைக்கு வெட்டுகிறாய் என்று எனக்குச் சொல்லாதே. தெரிந்தால் அன்று முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே செத்துவிடுவேன்.

சீலையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு மெத்தென்று இருக்கிறது! என் தங்கம் இதில் கிடந்தால் நோகாது என்று எனக்கே தெரிந்தது. தாமதித்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே மழை ஊற்றுகிறது. "இப்பவே புறப்பட்டாத்தான் பதுளைக்குப் போய்ச் சேரலாம் அக்கா" என்று ஜௌபர் அவசரப்படுத்துகிறான். நனையாமல் இருக்க உரப்பையில் சுற்றியிருக்கிறேன். பாப்பா இதில் தூங்கினாள் என்று ஒரு வரி எழுது, போதும்.

அத்தை
பூவம்மா


ஸ்பிரிங்வெளி
11.12.2025

அத்தைக்கு,

ரோடு திறந்துவிட்டது என்றார்கள், அதனால் எழுதுகிறேன். நீங்கள் வர முடியாமல் அங்கே விழுந்து அழுததாக அவர் போனில் சொன்னார். வந்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அப்போது இங்கிருந்து பதுளைக்கே பாதை இல்லை. நீங்கள் சீலையை அனுப்பிய மறுநாள், வியாழக்கிழமை, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். மண் சரிந்து கீழே ரோடே இல்லை, திரும்பி வந்தார். வெள்ளிக்கிழமை விடியும்போது யதுஷா போய்விட்டாள். கிழிந்த ரவிக்கைச் சட்டைதான் போட்டிருந்தாள்.

மறுநாள் ஜௌபர் நானா வந்தார். லொறியைப் பதுளையில் விட்டுவிட்டு, சேற்றில் நடந்தே வந்திருக்கிறார். வாசலில் ஆட்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "புள்ளைக்கு உடுப்புத் துணின்னு பூவம்மாக்கா குடுத்தாங்க" என்றார். சீலையில் ஒரு சொட்டு நனையவில்லை.

நான்தான் சுற்றினேன். அம்மா பாதி போதும் என்றார்கள், நான் கேட்கவில்லை. முழுச் சீலையையும் மடித்து மடித்துச் சுற்றினேன். எங்கேயும் ஒட்டவில்லை, எங்கேயும் உரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் அவளைப் பயப்படாமல் கட்டிப்பிடித்துத் தூக்கியது அன்றைக்குத்தான். கத்தரி வைக்கவில்லை அத்தை. அவளோடு அப்படியே போய்விட்டது.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. சீலையை விரித்தபோது உள்பக்க ஓரத்தைப் பார்த்தேன். மடித்துத் தைத்திருந்தது. அது ஷிராஸ் டெயிலர் வெட்டிய இடம். ரவிக்கைத் துணி தனியாக வரவில்லை, சீலையோடு சேர்ந்துதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அதிலிருந்துதான் வெட்டினார். ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனையை நீங்கள். "கோணாம வெட்டுங்க தம்பி" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கத்தரி பட்ட கூறையை உடுத்தித்தான் நான் தாலி வாங்கினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்றும் பேசினார்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த ரவிக்கைத் துணியை நான் எத்தனை தடவை அலசிக் காயப்போட்டிருப்பேன், எனக்கும் தோன்றவில்லையே. ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பீர்கள். நீங்கள் பயத்தில் இருந்தீர்கள். எனக்கு என்ன வந்தது?

நான் இப்போதைக்கு வெலிமடைக்கு வரவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்த டெயிலர் கடைதான் ஞாபகம் வரும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு காட்டித் தேயுங்கள்.

ரவிக்கைச் சட்டை என்னிடம் இருக்கிறது. கக்கத்தில் கிழிந்ததைத் தைத்துவிட்டேன். இன்றைக்கு அலசிப் போட்டேன், அது சீக்கிரமே காய்ந்துவிட்டது.

கௌசிகா