பட்டிக்குத் தண்ணீர் ஆகாது

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வேலையை விட்டுவிட்டு சொந்த ஊர் வெண்ணந்தூருக்கே வந்து சேர்ந்தபோது, நான் ஆடு வளர்ப்பேன் என்று யாரும் நம்பவில்லை. இன்று கொட்டில் நிறைய மேச்சேரி ஆடுகள். பெருமையெல்லாம் என் மனைவி உண்ணாமலைக்குத்தான். வாசலுக்குச் சாணி தெளிப்பது போலவே தினமும் கொட்டிலுக்கும் கரைத்துத் தெளிக்கிறாள். மண்தரை மெழுகியது போல இருக்கிறது. "உங்க சட்டையவிட ஆட்டுத்தரை சுத்தமுங்க" என்கிறாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு குட்டிகளுக்குக் கழிச்சல். பால் குடிக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கழிச்சலில் ரத்தம். உண்ணாமலை அவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அம்மாபேட்டை போயிருக்கிறாள். கால்நடை டாக்டரம்மா வந்து குட்டிகளின் வாயில் மருந்து ஊற்றினார். பிறகு குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். "ஏங்க, இங்க தண்ணி தெளிக்கறீங்களா?"

ஈரம்தான் காரணமாம். சாணியும் ஈரமும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புத் தூள் தூவி, நன்றாகக் காயவிட வேண்டும் என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். உண்ணாமலையிடம் யார் சொல்வது?

பிப்ரவரி 13, வியாழன்

மாலையில் வந்தாள். குட்டிகளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டாள். "டாக்டரம்மா என்னங்க சொன்னாங்க?" மருந்து கொடுத்திருக்கிறார், சரியாகிவிடும் என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. கோழைப்பயல் நான்.

பிப்ரவரி 14, வெள்ளி

நோய் வந்த இடம் என்று இன்னும் ஒரு குடம் சேர்த்துத் தெளித்தாள். நான் பல் விளக்கிக்கொண்டே நின்றேன்.

பிப்ரவரி 15, சனி

சின்னக் குட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை. அவள் மறுபடியும் குடத்தைத் தூக்கினாள் — கத்திவிட்டேன். "ஊத்தாத! அந்தத் தண்ணிதான் குட்டியக் கொல்லுது!"

குடத்தை இறக்கி வைத்தாள். "யாரு சொன்னா?" டாக்டரம்மா. "எப்ப?" புதன்கிழமை.

"தெரிஞ்சுமா பாத்துக்கிட்டு நின்னீங்க? நான் சங்கடப்படுவேன்னா? குட்டி செத்திருந்தா எனக்குச் சந்தோசமா இருந்திருக்குமுங்களா?"

அவள் கோபம் தண்ணீரைப் பற்றியதே இல்லை. எனக்குத்தான் அது தெரியாமல் போச்சு.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையிலிருந்து பேச்சில்லை. கடலை பிடுங்கிய காட்டில் படல் கட்டி ஆடுகளை அடைத்தோம். அவள் மண்வெட்டியால் கொட்டிலைச் சுரண்ட, நான் கூடையில் அள்ளித் தூரத்துக் குழியில் கொட்டினேன். மதியத்துக்கு மேல், "அந்த மூலைல இன்னும் ஈரமுங்க" என்றாள். அப்பாடா, பேசிவிட்டாள்.

பிப்ரவரி 22, சனி

சுண்ணாம்பு தூவிய தரை காய்ந்து கிடக்கிறது. சின்னக் குட்டி இன்று தாய் மடியை முட்டி முட்டிக் குடித்தது. எனக்கு அழுகை வந்தது. வரட்டுமே, யார் பார்த்தார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

ஆடுகள் கொட்டிலுக்குத் திரும்பிவிட்டன. இப்போதெல்லாம் காலையில் புழுக்கையைக் கூட்டி அள்ளுவதோடு சரி. குட்டிகள் போடும் ஆட்டத்தில் கொட்டில் தாங்காது போலிருக்கிறது.

மதியம் சாப்பிடும்போது, குழம்பு எப்படி என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து "நல்லாருக்கு" என்பதுதான் என் பதில். இன்று "உப்புக் கரிக்குது" என்றேன்.

தானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். "ஆமாங்க" என்று சொம்பைத் தூக்கியவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இதுலயாச்சும் தண்ணி ஊத்தலாமுங்களா?"