அந்த நோய் உங்களைக் கொண்டுபோகவில்லை

மச்சான்,

உங்க கைலிகளை இல்லாதவங்களுக்குக் கொடுக்கலாம்னு இன்னைக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசத்தோட உங்க அத்தரும் சேர்ந்து வந்தது. அழுகையோட சிரிப்பும் வந்தது. ஒரு காலத்துல இந்தக் கைலிகளைத்தானே பகல் பூரா மாத்திக்கிட்டு இருந்தீங்க.

பாங்கு சொன்னதும் பாத்திரக்கடையை அப்படியே போட்டுட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடுற மனுசன், திடீர்னு வீட்டுலயே தொழ ஆரம்பிச்சீங்க. கேட்டா, "முட்டி வலிக்கு." முட்டி வலிச்சா எதுக்குக் கைலி மாத்தணும்? விடாம கேட்டதும் தலையைக் குனிஞ்சீங்க.

"மூத்திரம் சொட்டுது. கை கால் கழுவி ஒளு செஞ்சாலும் நிக்க மாட்டேங்கு. சுத்தமில்லாம முன் வரிசையில எப்படிட்டி நிக்க?"

உடம்புல வந்த கோளாறை மார்க்கக் குத்தமா நினைச்சு, நேரே பள்ளிவாசல் அசரத்துட்டப் போனீங்க. அவர் சொன்னாராம்: "ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதுசா ஒளு செஞ்சு தொழுங்க, கூடும். மூத்திரத்துக்கு எங்கிட்ட மருந்தில்ல பாய். டாக்டரைப் பாருங்க."

ராஜபாளையத்துல காட்டினா கடைத்தெருவுக்கே தெரிஞ்சிரும்னு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். உறை மாட்டின விரலைப் பின்பக்கம் விட்டுப் பார்க்கணும்னு டாக்டர் சொன்னதும் வெளியே வந்துட்டீங்க.

"மானம் போயிரும்டி."

"நாலு பிள்ளை பெத்தேன். எத்தன பேரு பாத்தாக, எம் மானம் போயிருச்சா? உள்ள போங்க."

போனீங்க. டாக்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. ஆம்பளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழ ப்ராஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி. வயசானா அது வீங்குறது சகஜம், சொட்டுறதும் அதனாலதான். "ஆனா ஒரு ஓரத்துல கெட்டியாத் தட்டுப்படுது. அதை விடக்கூடாது."

மதுரையில சதை எடுத்துப் பார்த்தாங்க. கேன்சர். பரவுறதுக்கு முந்தியே பிடிச்சதால ஆப்ரேஷனோட தீர்ந்தது. பொறவு ஒரு வெள்ளிக்கிழமை முன் வரிசையில போய் நின்னீங்களே, அன்னைக்குத்தான் எனக்கு உசுரு வந்தது.

அதுக்கு மேல உங்க வாயை யாரு அடக்க? ஒளு செய்யுற இடத்துல நின்னுக்கிட்டு, "அம்பது தாண்டினவுகல்லாம் ஒருக்கா காட்டிருங்க"ன்னு பிடிச்சுக்கிட்டீங்க. "டாக்டரு கமிஷன் தாராராக்கும்?"னு ஒருத்தர் கேட்டாராம். "ஆமாலே, உன் உசுருதான் கமிஷன்"னீங்களாம்.

உங்க தம்பிதான் மசியல.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே அண்ணே."

"தொந்தரவு தெரியுறதுக்குள்ள அது முத்திரும்லே. அண்ணனுக்கு வந்தா தம்பி சும்மா இருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

தன் மக நிக்காஹுக்கு அவர் பத்திரிக்கையோட வந்தப்ப, வாங்காம வாசல்லயே நிறுத்திட்டீங்க. "காட்டிட்டு வா, பொறவு வாங்குறேன்." மூஞ்சி சிவந்து போனாரு. உறவே அத்துப்போச்சுன்னு நான் பயந்தேன். மறுநாள் காலையில டாக்டர்ட்டப் போக பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னாரு. அவருக்கும் இருந்தது மச்சான். ஒரு வலி, ஒரு சொட்டு இல்லாமலே இருந்தது. உங்களைவிடச் சீக்கிரமே பிடிச்சாச்சு.

பல வருசம் கழிச்சு உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. அந்த நோயை நீங்க ஜெயிச்சுட்டுத்தான் போனீங்க. உங்களைக் கபுர்க் குழியில இறக்கினது யாருன்னு தெரியுமா? உங்க தம்பிதான்.

புருசனை இழந்தவ இருக்கணுமே, அந்த இத்தாவுல இப்ப நான் இருக்கேன். வெளியே போகக்கூடாது. ஆனா துக்கம் கேக்கப் பொம்பளைக வந்துக்கிட்டே இருக்காங்க. கட்டிப் பிடிச்சு அழுறேன். அழுது முடிச்சதும், "உங்க வீட்டுல அவிய காட்டிட்டாகளா?"ன்னு கேக்குறேன். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. "சிரிக்காதீகட்டி"ன்னு எல்லாத்தையும் சொல்றேன்.

நேத்து செட்டியார்பட்டிக்காரி ஒருத்தி ரெண்டாந்தரம் வந்தா. துக்கத்துக்கு ரெண்டு தரமா வருவாக? "எங்க அவிய வெளிய நிக்காக அக்கா. எந்த டாக்டருன்னு கேட்டுட்டு வரச் சொன்னாக"ன்னா.

நான் வாசல் தாண்டல மச்சான். உங்க பேச்சு தாண்டிருச்சு.