மிளகுக்காக ஒரு நன்றிக் கடிதம்

அண்ணா,

நேற்று சேலத்துக்குப் பஸ் டிக்கெட் எடுத்து முடித்ததும் கைப்பேசி என்னிடம் கருத்துக் கேட்டது. ஐந்து நட்சத்திரங்களைக் காட்டி, குறை இருந்தால் எழுதுங்கள், கவனத்தில் கொள்வோம் என்றது. கவனத்தில் கொள்வார்களாம்! வந்த கோபத்தில் கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டேன். அப்புறம் உங்கள் நினைவு வந்துவிட்டது. வேறு வேலை ஓடவில்லை.

ஏற்காடு பஜாரில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டிருந்தேன். நீங்கள் ஏரிக்கு மேலே இருந்த லாட்ஜில் மேனேஜர். அறைகள் காலியானதும், மத்தியானம் மூன்று மணிக்கு வந்து நிற்பீர்கள். “ஏனுங்க அம்மிணி, லைன் இருக்குதுங்களா?” என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருந்தும் ‘ங்க’ போடாமல் பேச உங்களுக்குத் தெரியாது.

அந்தக் கம்ப்யூட்டரில் நாம் இன்டர்நெட் வழியாக ஆடிய விளையாட்டில் படமே கிடையாது. காடு, கோட்டை, பூதம் எல்லாம் ஆங்கிலத்தில் வரிவரியாக வரும். நாம் என்ன செய்கிறோம் என்று பதிலுக்குத் தட்ட வேண்டும். எந்தெந்த நாட்டுக்காரர்களோ அதே காட்டில் நடந்துகொண்டிருப்பார்கள். நம் ஆள் ஒரு வைத்தியச்சி. மிளகு என்று பெயர் வைத்தது நீங்கள். உங்களுக்குத் தட்டச்சு வராது. நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டுவேன். மலையில் மேகம் இறங்கினால் போன் லைன் கரகரத்து அறுந்துவிடும். லைன் அறுந்தால் மிளகு நடுக்காட்டில் அசையாமல் நிற்பாள், வருகிற பூதமெல்லாம் அவளை அடிக்கும். அதனால் வெளியே வெளுக்க ஆரம்பித்ததுமே பதறுவீர்கள். “மேகம் எறங்குதுங்க, புள்ளைய சத்திரத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிருங்க!”

லாட்ஜுக்கு வருகிறவர்கள் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார்கள். உங்கள் முகம் யாருக்கும் நினைவிருக்காது. அங்கே மிளகு வந்தால் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், காயத்தோடு காத்திருப்பார்கள். “நம்மளத் தேடறாங்க பாருங்க” என்பீர்கள். வீட்டில் ஆளில்லாத மனுசர் நீங்கள். இரண்டு வருஷம் அவளை வளர்த்தீர்கள்.

அப்போதுதான் அந்தப் புது விதி வந்தது. இருபத்தொரு நாள் உள்ளே வராதவர்களின் ஆளை விளையாட்டை நடத்துகிறவர்கள் அழித்துவிடுவார்கள். திரும்பக் கிடைக்காது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஐப்பசி மழையில் நம் லைன் வாரக்கணக்கில் செத்துக் கிடக்குமே! குறை சொல்லும் பக்கத்தில் மற்ற ஆட்டக்காரர்கள் கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள். நாமும் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்போம் என்றேன். நீங்கள் விடவில்லை.

“அவங்க ஊட்டுல வெளையாடிக்கிட்டு அவங்களையே வையறதுங்களா? தன்மையாச் சொன்னாக் கேட்டுக்குவாங்க.”

நீங்கள் சொன்னதைத் தட்டினேன். முதலில் அவர்கள் குடும்ப நலம் பற்றிய விசாரிப்பு. பிறகு விளையாட்டுக்குப் பாராட்டு. விதியும் நல்ல விதிதான், காரணமில்லாமல் செய்திருக்கமாட்டீர்கள் என்று ஒரு பத்தி. கடைசியில், எங்கள் மலையில் மழை கொஞ்சம் அதிகம் என்று ஒரே ஒரு வரி. கேட்க வந்ததை அந்த வரியிலும் நாம் கேட்கவில்லை. நம் பக்கத்தில் அவ்வளவு சொன்னால் போதும்.

மறுநாளே பதில் வந்தது. உங்கள் ஆதரவுக்கு நன்றி, உங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டோம்.

“பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாங்க! நொம்ப நல்லவங்க.”

நம் ஊரில் ஒருவர் ‘கவனிச்சுக்கறேனுங்க’ என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். வாய்க்கு வாய் சண்டை பிடிக்கிற நானும் அப்படியே நம்பினேன். அது எல்லோருக்கும் போகிற ஒரே பதில் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

அந்த ஐப்பசியில் நீங்கள் மூச்சுத் திணறி சேலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். அதே வாரம் எஸ்டேட் மரம் ஒன்று சாய்ந்து நம் லைன் அறுந்தது. உங்களைப் பார்க்க நாலு தடவை பஸ் பிடித்துக் கீழே வந்தேன். ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த பிரவுசிங் சென்டரைத் தாண்டித்தான் நடந்தேன். ஐந்து நிமிடம் உள்ளே போய் மிளகைக் காட்டிவிட்டு வந்திருக்கலாம். ஒத்துக்கொண்டுவிட்டார்களே, என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் தாண்டி லைன் வந்த அன்று உள்ளே போனேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று வந்தது. எழுத்தில் ஏதோ பிழை என்று மறுபடி தட்டினேன். எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது. பிறகு ஒரு தாளை எடுத்து, ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று, வயிற்றெரிச்சல் தீரத் தமிழில் வைது எழுதினேன். அதைப் பையில் திணித்துக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

மூக்கில் குழாயோடு முதல் கேள்வியே அதுதான் கேட்டீர்கள். “மொளகு எப்படி இருக்கறாங்க?”

“நல்லா இருக்கறாளுங்ணா. சத்திரத்துல பத்திரமாப் படுத்திருக்கறா.”

“லைன் இல்லீன்னும் நமக்காக உட்டு வெச்சிருக்காங்க பாருங்க.” உங்கள் கண் கலங்கிவிட்டது. “அவங்களுக்கு ஒரு நன்றி எழுதிப் போட்றோணும் அம்மிணி. நான் சொல்றேன், எழுதிக்குங்க.”

வேறு தாள் இல்லை. வைது எழுதிய தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள். முடித்த பிறகு, “ஊட்டுல எல்லாரையும் கேட்டதாச் சேத்துக்குங்க” என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள். நாளைக்கு வந்து அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அந்த ஒன்றாவது பொய்யாக இருக்கக் கூடாது என்று, அன்று சாயங்காலமே அதைத் தட்டி அனுப்பினேன். அழுதுகொண்டே அனுப்பினேன். மறுநாள் நான் வருவதற்குள் உங்கள் கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டிருந்தார்கள்.

நம் கடிதத்தை அவர்கள் பாராட்டுப் பக்கத்தில், உங்கள் பெயரோடு போட்டார்கள். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்தை யாருக்கும் அனுப்பவில்லை. இப்போது எடுத்துப் படித்தால் அந்த வசவெல்லாம் என்மேலேயே வந்து விழுகிறது. இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

மொளகு போயிட்டாளுங்ணா. நீங்க நன்றி சொன்னப்பவே அவ இல்லீங்க.