அண்ணன் பெயரில் ஒரு கல்

நீ செத்து இன்றைக்கு நாற்பத்தொரு நாள். உன் கல்லறைக் கல்லின் மாதிரித்தாள் காலையில் விரி என்ற ஊரில் இருக்கும் என் கிடங்குக்கு வந்தது. அதில் உன் அண்ணனின் பெயர் இருக்கிறது. அண்ணன் நகரத்தின் மறுகோடியில், ஹென்டர்சனில், உயிரோடு இருக்கிறார்.

மிளகாய்த்தூள் மூட்டையின் மேல் தாளை விரித்துவைத்துப் பார்த்தேன். கறுப்புக் கல், சிலுவை, பொன் எழுத்து. பெயர் உன்னுடையதல்ல, பிறந்த நாளும் உன்னுடையதல்ல. இறந்த நாள் ஒன்றுதான் உன் சொந்தம். எனக்கு அழுகை வரவில்லை, மச்சான். ஆத்திரம்தான் வந்தது.

பாபகூராவில் உன் வீட்டு கராஜில் நாமிருவரும் தூள் அடைத்துத் தொடங்கிய வியாபாரம் இது. நான் சைவக்காரன்; வேதக்காரரான உங்கள் பைபிள் கதைகள் எனக்குத் தெரியாது. பைகளுக்கு வாய் ஒட்டிக்கொண்டே நீதான் சொன்னாய். ஏசா என்றொரு மூத்தவன், யாக்கோபு என்றொரு இளையவன். பசித்து வந்த மூத்தவனுக்கு இளையவன் பயற்றங்கூழைக் கொடுத்து மூத்த மகனின் உரிமையை எழுதி வாங்காத குறையாக வாங்கிக்கொண்டான்.

"அது வியாபாரமில்லையடா," என்றேன். "பசிச்சவனிட்ட விலை பேசிறது வழிப்பறி."

"கேளன். பிறகு தமையன்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு, கண் தெரியாத தகப்பனிட்டப் போய், நான்தான் மூத்தவன் எண்டு சொல்லி ஆசீர்வாதத்தையும் வாங்கிப்போட்டான்."

"பொய் சொல்லி வாங்கினது பலிச்சதோ?"

"பலிச்சது."

"அப்ப உன்ர கடவுளுக்கும் கண் தெரியாதோ?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஒட்டின பையையே திரும்ப ஒட்டினாய். உன் பிழைப்பையே எனக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறாய் என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வருடத்துக்கு முன் உனக்குப் பென்சன் கடிதம் வந்தது. "அறுபத்தஞ்சோ? ஆளைப் பார்த்தா தெரியேல்லையே, கள்ளா!" என்று உன் முதுகில் தட்டினேன். நீ தராசுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாய். அன்றைக்குத்தான் சொன்னாய். மாமா அனுப்பிய டிக்கெட் அண்ணனுக்கு. அண்ணன் வவுனியாவில், சண்டையால் பாதை பூட்டி, வர முடியாமல் நின்ற நேரம். அம்மா அவருடைய பாஸ்போர்ட்டை உன் கையில் வைத்தார். படத்தை மாற்றினீர்கள்.

"அம்மா தந்தா. நான் வெளிக்கிட்டன்," என்றாய். அவ்வளவுதான் உன் விளக்கம்.

எட்டு வருடம் கழித்து அண்ணன் இந்த நாட்டுக்கு வந்தபோது அவர் பெயர் ஏற்கெனவே பாபகூராவில் குடியிருந்தது. மிச்சமிருந்தது உன் பெயர்தான். அதோடு வந்து இறங்கினார். தாளில் மூத்தவன் நீ, இளையவன் அவர். உண்மையில் அறுபத்தொன்றான நீ பென்சன் எடுத்தாய். அறுபத்தைந்தான அவர் இன்னும் நான்கு வருடம் கார்க் கதவுகளில் நெளிவு தட்டவேண்டும். மூத்த மகன் பங்குக்கு உங்கள் வேதத்தில் ஒரு நீளமான சொல் உண்டு, என் வாயில் நுழையாது. இந்த ஊரில் அதற்குப் பெயர் பென்சன். அதையும் நீதான் தின்றாய். இருபத்தாறு வருடமாக உன்னைக் கூப்பிட்டுப் பழகிய பெயர் வேறொருவருடையது என்று அன்று தெரிந்தபோது, மச்சான், நானும் ஏமாந்த ஆள்தான்.

ஆனாலும் சொன்னேன். "ரயிலேறி ஹென்டர்சனுக்குப் போ. செய்தது பிழை எண்டு வாயைத் திறந்து சொல்லு."

"அவர் என்னைக் கொல்லுவார்."

"ஏசா கொன்றவனோ?"

"இல்லை. ஓடி வந்து கட்டிப்பிடிச்சு அழுதவன்."

"பிறகென்ன?"

நீ வேறு கதைக்குப் போனாய். யாக்கோபு ஆற்றங்கரையில் ஒருவரோடு விடியும்வரை மல்லுக்கட்டினானாம். ஆசீர்வதிக்கச் சொல்லிக் கேட்டபோது அவர் முதலில் அவன் பெயரைத்தான் விசாரித்தாராம். "அந்த இடத்தில நிக்கிறன், மச்சான். என்னட்டக் கேட்டா எந்தப் பேரைச் சொல்லுறது?" பத்து வருடமாக நீ கோயிலில் திருவிருந்து எடுக்க முன்னால் போகவில்லை என்று உன் மனைவி பிறகு சொன்னாள். கடவுள் கேட்கப்போகிற கேள்விக்கு அவ்வளவு நடுங்கினாய். ஏன் என் பெயரை எடுத்தாய் என்று அண்ணன் கேட்ட கேள்விக்கு ஒரு நாளும் பதில் சொல்லவில்லை. ஏசா கட்டிப்பிடித்ததை நம்பாதவனுக்கு வேதம் எதற்கடா?

உன் செத்தவீட்டில் அண்ணன் கோயிலின் கடைசி வாங்குப்பலகையில் இருந்தார். வழிபாட்டுத் தாளின் முகப்பில் அவர் பெயர், அவர் பிறந்த நாள், உன் படம். என் பக்கம் திரும்பி, "என்ர செத்தவீட்டுக்கு நானே வந்திருக்கிறன், பாரும்," என்றார். எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. அந்த வெட்கம் உனக்கு வந்திருக்க வேண்டியது.

இன்று மத்தியானம் மாதிரித்தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியையும் ஏற்றிக்கொண்டுதான். அவர் குசினி மேசையில் தாளைப் பார்த்தார்.

"நான் உயிரோட இருக்க என்ர பேரைப் புதைக்கப் போறியளோ?"

"அவற்ர உண்மைப் பேரை வெட்டினா, நாளைக்கு ஆரும் வந்து என்னைக் கேள்வி கேப்பாங்கள்," என்றாள் உன் மனைவி. "வீடு இருக்கு, பிள்ளையள் இருக்குதுகள். நான் என்ன செய்ய, அத்தான்?"

"உம்மைப் பிழை சொல்லேல்லை. ஆனா இது நடக்காது. கல்லை உடைப்பன்."

இரண்டு பக்கமும் நியாயம். நியாயம் உள்ள இருவர் நடுவில் பேரம் பேசுவதுதான் கஷ்டம். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டேன். "அண்ணை, நீங்கள் அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறனீங்கள்?"

"பேரோ? பேர் சொன்னதே இல்லை. தம்பி எண்டுதான்."

சொன்னவர் உதட்டைக் கடித்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்தார். உன் மனைவி தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்த ஒரு சொல்லை எழுதி அவர் முன்னால் தள்ளினாள். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "காசு நான்தான் குடுப்பன். மூத்தவன் நான்," என்றார்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நினைக்கும்போது வாயில் வருவதும் அவர் பெயர்தான். இந்த வயதில் அதை மாற்ற எனக்கு வராது. அது நீ என் தலையில் ஏற்றிவிட்டுப் போன சுமை.

முடிவானது இது: கல்லில் பெயர் இல்லை, பிறந்த நாள் இல்லை. சிலுவை, "தம்பி" என்ற தமிழ்ச் சொல், இறந்த நாள், அவ்வளவுதான். கல் நாட்டும் அன்று மூத்தவராக அண்ணன் முன்னால் நிற்பார்; அவர்தான் மூத்தவர் என்று உன் மனைவி பிள்ளைகளுக்கு வாயால் சொல்வாள். எழுத்துக் குறைந்ததால் கல்வெட்டுகிறவனோடு பேசி நானூறு குறைத்தேன். மூவாயிரத்து நானூறு டொலர், முழுவதும் அண்ணன் செலவு, ஆறு கிழமையில் கல் வரும்.